டைனமோவுக்கும் பிரேக்குக்கும் என்ன தொடர்பு?



சிவப்பு மைப் பேனாவால் நான் இழைத்த தவறு ஒன்றைப் பற்றி இன்று எழுதலாம் என்றிருக்கிறேன். ஆசிரிய நண்பர்கள் சிலரிடம் இதை வாய்மொழியாகச் சொன்னதுண்டு; எழுத்தில் வைத்ததில்லை. டீசல் வண்டி, பிரேக், பெல்ட் என்றெல்லாம் இடையில் வரும். தமிழாசிரியைக்கு இதில் என்ன வேலை என்று எண்ணாமல் பெற்றோர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

2009ஆம் ஆண்டு. தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி முடித்து நான் பள்ளிக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தொடக்கநிலை ஐந்து மாணவர்களுக்கு 'என் தந்தையின் பணி' என்ற தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். பெரும்பாலோர், "என் தந்தை ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறார். அவர் கடுமையாக உழைப்பார். நான் அவரை மிகவும் நேசிக்கிறேன்" என்ற அச்சில் வார்த்திருந்தார்கள். எந்த அலுவலகம், அங்கே என்ன வேலை என்பது பிள்ளைகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இலக்கணப் பிழை இல்லை. ஆகவே நல்ல மதிப்பெண்.

ஒருவன் மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தான். அவன் தந்தை வாகனப் பட்டறையில் வேலை செய்பவர். ஒரு பழைய டீசல் வேனுக்கு யாரோ பெரிய டைனமோ மாட்டிவிட்டார்களாம். அதனால் பிரேக் கெட்டுவிட்டதாம். அப்பா சரியான டைனமோவை மாட்டியதும் பிரேக் நன்றாகிவிட்டதாம். எழுத்துப் பிழைகள் ஏழெட்டு இருந்தன. நான் 'டைனமோ'வை வட்டமிட்டு 'பிறமொழிச் சொல்' என்று எழுதினேன். பிரேக் பற்றிய வரியின் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, 'கருத்துத் தொடர்பு இல்லை' என்று குறித்து, கருத்துக்கான மதிப்பெண்ணில் இரண்டைக் குறைத்தேன். மின்சாரம் உண்டாக்கும் பொருளுக்கும் பிரேக்குக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்? பையன் எதையோ குழப்பிக்கொண்டான் என்று முடிவு செய்துவிட்டேன்.

இரு வாரங்கள் கழித்துப் பெற்றோர் சந்திப்பு. அவன் தந்தை வேலை உடையிலேயே வந்திருந்தார். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு. மற்றப் பெற்றோர் எல்லாம் போகும்வரை பின்வரிசையில் காத்திருந்தார். பிறகு கட்டுரைத் தாளை மேசைமேல் விரித்து வைத்தார்.

"மார்க் வேணாம் டீச்சர். ஆனா பையன் பொய் சொல்லலை. அவன் எழுதினது நடந்த விஷயம்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். விளக்கம் கேட்டேன். தாளின் பின்புறத்தில் படம் வரைய முயன்று, பாதியில் நிறுத்தி, "சனிக்கிழமை பட்டறைக்கு வாங்க டீச்சர், கண்ணால பார்த்தாத்தான் புரியும்" என்றார். சென்றேன்.

ஜாலான் புசாரிலிருந்து பிரியும் ஒரு சிறு தெருவில் அந்தப் பட்டறை இருந்தது. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு நடந்தே போகும் தொலைவு. பல்லாண்டுகளாக அவ்வழியே பேருந்தில் போயிருக்கிறேன். உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியும். பானெட்டைத் திறந்தது கிடையாது.

அன்று அவர் காட்டியதை என் சொற்களில் எழுதுகிறேன்.

பழைய வண்டிகளில் உண்மையாகவே டைனமோதான் இருந்தது. அது நேர்மின்னோட்டத்தைத் தரும். ஆனால் இயந்திரம் மெதுவாக ஓடும்போது மின்சாரம் மிகக் குறைவு. 1960இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியதைத் தொடர்ந்து மற்ற நிறுவனங்களும் அதற்கு மாறின. ஆல்டர்னேட்டர் முதலில் மாறுதிசை மின்னோட்டத்தை உண்டாக்கும். அதனுள்ளேயே இருக்கும் டையோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்பி மின்கலத்துக்கு அனுப்பும். பொருள் மாறி அரை நூற்றாண்டு ஆகியும் பட்டறைகளில் 'டைனமோ' என்ற பெயர் மாறவில்லை. ஊரில் சைக்கிள் சக்கரத்தில் உரசி விளக்கெரிய வைத்தோமே, அதையும் டைனமோ என்றுதான் சொன்னோம். அது தருவது மாறுதிசை மின்னோட்டம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆக, 'பிறமொழிச் சொல்' என்று நான் வட்டமிட்ட சொல்லைப் பற்றி எனக்கே ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

சரி, அதைப் பெரிதாக்க வேண்டிய தேவை என்ன? நம் ஊர் மழையை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறரை மணி, விரைவுச்சாலையில் நெரிசல், கொட்டும் மழை. முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து எட்டு ஆம்பியர். குளிர்சாதனத்தின் காற்றாடி முழு வேகத்தில் பதினைந்து, இருபது. முன்னால் வெப்பத்தை வெளியேற்றும் விசிறி இன்னொரு பத்து. கண்ணாடி துடைப்பான் ஐந்து. பின்விளக்குகள், வானொலி, கைப்பேசி மின்னூட்டி எல்லாம் சேர்ந்தால் நாற்பது, நாற்பத்தைந்தைத் தொட்டுவிடும். அறுபது ஆம்பியர் என்று முத்திரை குத்திய ஆல்டர்னேட்டருக்கு இது போதும் என்றுதானே தோன்றும்? இங்கேதான் சூட்சுமம். அந்த அறுபது என்பது ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6,000 சுற்று சுழலும்போது தரும் அளவு. டீசல் இயந்திரம் நின்ற இடத்தில் 700, 800 சுற்றுதான் ஓடும். பெல்ட் வழியாக அது இரண்டு மடங்குக்குச் சற்று மேலே பெருகி ஆல்டர்னேட்டரை அடையும். அந்த வேகத்தில் கிடைப்பது முத்திரையில் உள்ளதில் பாதிகூட இராது. மீதியை மின்கலம் தன் சேமிப்பிலிருந்து கொடுக்கும். இப்படி நாள்தோறும் நடந்தால், ஒருநாள் காலையில் வண்டி கிளம்பாது.

வேனின் உரிமையாளர் லிட்டில் இந்தியாவில் சமைத்த மதிய உணவை அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர். உணவு சூடாக இருக்க வேண்டுமென்று இன்வெர்ட்டர் வைத்து வண்டிக்குள்ளேயே சூடாக்கிகளை இயக்கியிருக்கிறார். ஆறு மாதத்தில் மின்கலம் இரண்டு முறை செத்தது. ஒரு பட்டறையில், "பெரிய ஆல்டர்னேட்டர் போட்டால் தீர்ந்துவிடும்" என்று சொல்லி, குறைந்த விலைக்குக் கிடைத்த பழைய ஒன்றை மாட்டி அனுப்பிவிட்டார்கள். அது பெட்ரோல் வண்டியிலிருந்து கழற்றியது.

பையனின் தந்தை இரண்டு ஆல்டர்னேட்டர்களை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று. ஒன்றைத் திருப்பினார். டீசல் வண்டிக்குரியதன் முதுகில், கைப்பிடியளவு பெரிதாக, வட்டமாக ஓர் உறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. "இதுதான் டீச்சர் பிரேக்" என்றார்.

அது வெற்றிடம் உண்டாக்கும் பம்பு. காரில் நாம் பிரேக்கை மெதுவாக அழுத்தினாலே வண்டி நிற்பதற்குக் காரணம், மிதிக்குப் பின்னால் இருக்கும் பூஸ்டர் என்னும் பெரிய வட்டப் பெட்டி. அதன் ஒரு பக்கத்தில் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி வைத்தால், மறுபக்கத்துக் காற்றழுத்தம் நம் காலோடு சேர்ந்து தள்ளும். பெட்ரோல் இயந்திரத்தில் காற்று நுழையும் வழியில் ஒரு கதவு உண்டு. அது பாதி மூடியிருக்கும்போது இயந்திரம் காற்றை இழுக்க முயல்வதால் உள்ளே வெற்றிடம் தானாகவே உண்டாகிவிடும். பழைய டீசல் இயந்திரத்தில் அந்தக் கதவே கிடையாது. காற்று தாராளமாக உள்ளே போகும். கூட்டுவதும் குறைப்பதும் எரிபொருளை மட்டுமே. ஆகவே வெற்றிடத்துக்குத் தனியே ஒரு பம்பு வேண்டும். சில ஜெர்மானிய டீசல் கார்களில் அது இயந்திரத்தின் முன்புறத்தில் தனியாக இருக்கும். ஜப்பானியர் பலர் இடத்தையும் செலவையும் மிச்சப்படுத்த, அதை ஆல்டர்னேட்டரின் அதே அச்சில் பின்னால் பொருத்திவிட்டார்கள். அதற்கு மசகெண்ணெய் வருவதும் இயந்திரத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாகத்தான். வேலை முடிந்த எண்ணெய் தடித்த இன்னொரு குழாய் வழியாகக் கீழே திரும்பும்.

பெட்ரோல் வண்டியின் ஆல்டர்னேட்டரை மாட்டியவர்கள் இந்தக் குழாய்களை அடைத்துவிட்டார்கள். மின்சாரம் நன்றாக வந்தது. மின்கலம் நிறைந்தது. பிரேக் மிதி கல்லாகிவிட்டது.

பிரேக் அறவே இல்லாமல் போகவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். எண்ணெய் அழுத்தம் வேலை செய்யும். ஆனால் உடம்பின் பாரத்தையெல்லாம் காலில் இறக்கினால்தான் வண்டி நிற்கும். ஓட்டுநர் குறை சொன்னபோது பிரேக் கட்டைகளை மாற்றினார்களாம், பிரேக் எண்ணெயை மாற்றினார்களாம். பிறகு, "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்ற வேதவாக்கு. மூன்று வாரம் அப்படியே ஓடியிருக்கிறது. அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தின் சரிவில் இறங்கும்போது, முழுச் சுமையுடன், ஒரு தூணுக்கு அரை அடி முன்னால் போய் நின்றிருக்கிறது. அந்த வழியே பள்ளிப் பிள்ளைகள் நடப்பதும் உண்டு என்று அவர் சொன்னபோது எனக்குக் குளிரடித்தது.

இதைத்தான் பதினொரு வயதுப் பையன் மூன்று வரியில் எழுதியிருந்தான். நான் தொடர்பு இல்லை என்று எழுதினேன்.

நிற்க. பெரிய ஆல்டர்னேட்டரே கூடாதா என்று அவரிடம் கேட்டேன். கூடும், ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டியது என்றார். அவர் சொன்ன வரிசை எனக்குப் பிடித்திருந்தது. ஏனெனில் நாம் வகுப்பில் ஒரு பிள்ளை பின்தங்கினால் உடனே துணைப்பாட வகுப்புக்கு அனுப்புகிறோமே, அதற்கு நேர் எதிரான வரிசை அது. முதலில் அளந்து பார்க்க வேண்டும். இயந்திரம் நிற்கும்போது நல்ல மின்கலம் 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வரை. விளக்கு, குளிர்சாதனம் எல்லாம் போட்டுவிட்டுப் பார்த்தால் எவ்வளவு இறங்குகிறது? பெல்ட் தளர்ந்திருக்கலாம். இயந்திரத்தையும் வண்டியின் உடலையும் இணைக்கும் கம்பி துருப்பிடித்திருக்கலாம். உள்ளே கார்பன் தேய்ந்திருக்கலாம்; அதை மாற்றச் சில வெள்ளிகளே ஆகும். ஒரு டையோடு போயிருந்தாலே மின்சாரம் வெகுவாகக் குறைந்துவிடும். இவற்றைச் சரிசெய்தால் பாதி வண்டிகளுக்குப் பெரியது தேவைப்படாது என்பது அவர் அனுபவம்.

அதன்பிறகும் போதவில்லையென்றால், அதே இயந்திரத்துக்கென்று வந்த, பம்பு உள்ள, சற்றுக் கூடுதல் திறனுடைய ஒன்றைத் தேட வேண்டும். அதோடு வேலை முடிவதில்லை. கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்கும் தடித்த கம்பி வேண்டும். பழைய மெல்லிய கம்பியில் அதைச் செலுத்தினால் சூடேறித் தீப்பிடிக்கும். உருகியும் அதற்கேற்றதாக வேண்டும். பெல்ட்டையும் கவனிக்க வேண்டும். 14 வோல்ட்டில் 100 ஆம்பியர் என்றால் 1,400 வாட். ஆல்டர்னேட்டர் வாங்கும் ஆற்றலில் பாதிக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகும், எஞ்சியது வெப்பம். ஆகவே இயந்திரம் மூன்றரைக் குதிரைத்திறன் அளவுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒற்றைப் பெல்ட் அதைத் தாங்காமல் வழுக்கிக் கிறீச்சிடும். இன்னொன்று: டீசலில் தீப்பொறி இல்லாததால், சுற்றுமானிக்கு வேண்டிய குறிப்பும் பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரிலிருந்துதான் போகிறது. தவறான ஒன்றை மாட்டினால் அந்த முள்ளும் பொய் சொல்லும். மின்சாரம், பிரேக், சுற்றுமானி என மூன்று வேலைகளை ஓசையின்றிச் செய்த ஒரு பொருளை 'எத்தனை ஆம்பியர்' என்ற ஒரே எண்ணால் அளந்ததுதான் அந்த முதல் பட்டறையின் பிழை.

அந்த வேனுக்கு அவர் செய்தது இதுதான். பம்புடன் கூடிய, முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலான ஆல்டர்னேட்டர், புதிய எண்ணெய்க் குழாய்கள், தடித்த கம்பி. சூடாக்கிகளைப் பிடுங்கிவிட்டு, வெப்பம் காக்கும் நல்ல பெட்டிகளை வாங்கச் சொன்னார். உரிமையாளர் முணுமுணுத்தாராம்.

இனி என் கருத்துக்கு வருகிறேன்.

தமிழாசிரியர்களாகிய நாம் சொல்லைக் காப்பவர்கள் என்று பெருமைப்படுகிறோம். கலைச்சொற்கள் மீது எனக்கு எதிர்ப்பு ஒன்றுமில்லை. 'மின்னியற்றி' அழகான, பொருள் பொதிந்த சொல். அதை மாணவர் அறிய வேண்டும். ஆனால் பொருளை அறியாமல் சொல்லை மட்டும் திருத்துவது ஆபத்தானது. 'டைனமோ'வை வட்டமிட்டேனே தவிர, அதற்கு மாற்றாக நான் ஒன்றும் எழுதவில்லை, எழுதத் தெரியவில்லை. தமிழில் இத்துறை இல்லாமலா இருக்கிறது? சென்னைப் பாடியில் 1960களின் தொடக்கத்தில் எழுந்த லூகாஸ் டிவிஎஸ் ஆலையில் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வண்டிகளுக்கான மின்னுறுப்புகளை, ஆல்டர்னேட்டர் உட்பட, செய்து வருகிறார்கள். அவர்கள் தமிழில்தான் பேசிக்கொள்கிறார்கள். கார்பன், காயில், ஆர்மேச்சர், பேரிங் என்பன அவர்கள் தமிழின் சொற்கள். வகுப்பறைத் தமிழுக்கும் பட்டறைத் தமிழுக்கும் நடுவில் சுவர் எழுப்பியவர்கள் நாம். இரண்டு சொற்களையும் அருகருகே எழுதினால் என்ன கெட்டுவிடும்? இப்போது என் வகுப்பில் அப்படித்தான் செய்கிறேன். ஆய்வாளர்கள் குறை சொன்னால் சொல்லட்டும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. "ஒழுங்காகப் படிக்காவிட்டால் மெக்கானிக்காகத்தான் போவாய்" என்ற வசனத்தை நம் வீடுகளில் இன்றும் கேட்கிறேன். தொழில்நுட்பக் கல்விக் கழகம் 1992இல் அமைந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், பிள்ளை அங்கே படிக்கிறான் என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்தும் பெற்றோரை நான் அறிவேன். அதே பெற்றோர்தாம் மழை நாளில் பிரேக்கை மிதித்துவிட்டு, வண்டி நிற்கும் என்று உறுதியாக நம்புகிறார்கள்.

இந்த வண்டிகளின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்பதும் உண்மை. 2025 ஜனவரி முதல் சிங்கப்பூரில் புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவு செய்ய முடியாது. 2040க்குள் எல்லா வாகனங்களும் தூய எரிசக்திக்கு மாற வேண்டும் என்பது இலக்கு. மின்வாகனத்தில் ஆல்டர்னேட்டரே இல்லை. பெரிய மின்கலத்திலிருந்து சிறிய மின்கலத்துக்கு மின்சாரத்தை இறக்கித் தரும் ஒரு மின்னணுப் பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. பிரேக்குக்குத் துணையாக மின்மோட்டார் வந்துவிட்டது. ஆனால் பத்தாண்டு முடிந்தும் உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டு ஓடும் பழைய வண்டிகள் இன்னும் நம் சாலைகளில் இருக்கின்றன. பதிவு நின்றுபோனால் உதிரிபாகமும் அரிதாகும். குறைந்த விலையில் கிடைத்ததை மாட்டும் ஆசை கூடும். பழைய டீசல் வண்டி வைத்திருப்போர், பிள்ளைகளை அத்தகைய வண்டியில் பள்ளிக்கு அனுப்புவோர், மின்கலம் அடிக்கடி போகிறது என்று கேள்விப்பட்டால் ஒரு கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம்: "ஆல்டர்னேட்டரை மாற்றினீர்களா? பின்னால் பம்பு இருக்கிறதா?" கேட்பவரை யாரும் ஏளனம் செய்யமாட்டார்கள். செய்தால் வேறு பட்டறைக்குப் போங்கள்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். திங்கட்கிழமையே அவன் தாளை வாங்கி, என் குறிப்பை அடித்துவிட்டு, மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். வகுப்பின் முன்னால் தவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முந்தைய வாரம், தாள் திருத்தப்பட்டுக் கைக்கு வந்த பிறகு, வேறொரு கட்டுரை எழுதியிருந்தான். அதைத் திருத்த எடுத்தபோதுதான் பார்த்தேன். குடும்பத்தை அறிமுகப்படுத்தும் முதல் பத்தியில், "என் தந்தை ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறார்" என்று இருந்தது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

அந்த வரியின் கீழ் என்ன எழுதுவது என்று தெரியாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இவ்வாண்டு ஒரு மாணவி, தன் மாமா மின்வாகனத்தைத் தொடும் முன்பு ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு செருகியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா நிற்பார் என்று எழுதியிருக்கிறாள். ஏன் சும்மா நிற்க வேண்டும்? எனக்குத் தெரியவில்லை. பேனாவை மூடிவிட்டு, இடைவேளையில் அவளை வரச் சொல்லியிருக்கிறேன்.